மாதுளை ஜூஸை நம்பி மாத்திரையை விடாதீர்கள்

"தினமும் மாதுளை ஜூஸ் குடிக்கிறேனே மேடம், அப்புறம் எப்படி ரத்தம் குறையும்?" போன வாரமும் இதே கேள்வி. கேட்டவர் ஏழாம் மாதக் கர்ப்பிணி, ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.4தான்; 11 ஆவது இருக்க வேண்டும். கைப்பையிலிருந்து இரும்பு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். இரண்டு குழிகள்தான் காலி. மாத்திரை சூடு, பழமே போதும் என்று ஊரிலிருந்து மாமியார் சொன்னாராம். கணவர் இங்கே சிங்கப்பூர் தேக்கா சந்தையில் பை பையாக மாதுளை வாங்கிப் போடுகிறார்.

சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊறச் செய்யும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ! 100 கிராம் மாதுளை முத்தில் இருக்கும் இரும்பு சுமார் 0.3 மில்லிகிராம். பீட்ரூட்டில் 0.8, பேரீச்சம்பழத்தில் ஏறக்குறைய 1. உலகச் சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளுக்கு மாத்திரையாகப் பரிந்துரைப்பதோ நாளுக்கு 30 முதல் 60 மில்லிகிராம். அந்த 30ஐ மாதுளையில் எடுக்க நினைத்தால் தினமும் 10 கிலோ முத்து உரிக்க வேண்டும். அப்படியே தின்று தீர்த்தாலும், காய்கனிகளில் இருக்கும் இரும்பில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். முருங்கைக்கீரை பச்சை, நெத்திலி வெள்ளை. இரண்டிலும் மாதுளையைவிட இரும்பு அதிகம். நிறத்தைப் பார்த்துச் சத்தைக் கணக்குப் போடாதீர்கள்.

பழம் சாப்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் "ரத்தத்துக்கு" என்று தேனும் பேரீச்சம்பழமும் போட்டு அரைத்துக் குடித்துவிட்டு, 24 முதல் 28 வாரத்தில் எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனையில் மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. இந்தியப் பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு வரும் வாய்ப்பு ஏற்கெனவே கூடுதல்.

"ரத்தசோகையெல்லாம் ஊரில் ஏழைகளுக்கு வருவது" என்பார்கள் சிலர். இந்தியாவின் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை, தமிழ்நாட்டில் 48.3. இவ்வளவு பேரும் பட்டினி கிடந்தவர்களா? பலருக்குக் கர்ப்பம் தரிக்கும் முன்பே இரும்பு இருப்பு குறைவு. விமானம் ஏறியதும் அது நிறைந்துவிடாது.

மாத்திரையால் குழந்தை கறுத்துவிடும் என்பதற்குப் பதில் சொல்லப் பொறுமை இல்லை. கறுப்பது மலம் மட்டும்தான், அதனால் கெடுதல் இல்லை.

மலச்சிக்கலோ குமட்டலோ வந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், வந்து சொல்லுங்கள். மாத்திரையை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், ஒருநாள் விட்டு ஒருநாள் தரலாம். கோப்பிக்கடைத் தேயோ வீட்டுக் காப்பியோ, மாத்திரைக்கும் அதற்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரை வேறு வேளைக்கு. இரும்பு மாத்திரையோடு ஒரு துண்டு கொய்யா கடித்தால் இரும்பு நன்றாகச் சேரும். ஈரல் வறுவலைத் தவிர்த்துவிடுங்கள், அதில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருக்கிறது. பரம்பரை ரத்தக் குறைபாடான தலசீமியாவின் கூறு உள்ளவர்களுக்கு, இரும்பு குறையாவிட்டாலும் ஹீமோகுளோபின் குறைவாகவே காட்டும். அதனால் பரிசோதிக்காமல் கடையில் வாங்கி விழுங்குவதும் வேண்டாம்.

மாமியார்களே, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இரும்பு இருப்பு வற்றிய உடம்பு பிரசவ ரத்தப்போக்கைத் தாங்காது. ஏழாம் மாதம் தாண்டி வந்தால் சிலருக்கு ரத்தக்குழாய் வழியாக இரும்பு ஏற்ற வேண்டியிருக்கிறது. முதல் பரிசோதனையிலேயே ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேளுங்கள். 11க்குக் கீழே இருந்தால் மருத்துவர் தரும் மாத்திரையை அன்றைக்கே தொடங்கச் சொல்லுங்கள், தயவுசெய்து.