ரோஜா மல்லிகைப்பூ இல்லைங்க

போன முகூர்த்தத்தன்று விடியக்காலை நாலே முக்காலுக்கு என் பூக்கடைக்கு ஓர் அம்மாவின் போன். "தம்பி, பொக்கே மொத்தமும் தலை தொங்கிப்போச்சு. ஒன்பது மணிக்கு ஏற்காட்டுல சர்ச்சுக்குப் போயாகணும்." இந்த சீசனில் இது மூன்றாவது. இனியும் எழுதாமல் இருந்தால் சரிப்படாது.

வீட்டில் பொக்கே கட்டாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. சேலம் வ.உ.சி. மார்க்கெட்டில் பூ எடுத்து வந்து, அக்கா தங்கச்சி நாலு பேர் கூடத்தில் உட்கார்ந்து கட்டுகிற சந்தோஷத்தை என் கடையில் விலைக்கு விற்க முடியாது. கட்டுகிற வேலை வீடியோ பார்த்தே வந்துவிடும். மண்டபம் போய்ச் சேரும்வரை பூவை உயிரோடு வைத்திருப்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்.

அந்த அம்மா கொண்டுவந்ததை மேஜைமேல் வைத்துப் பிரித்தேன். ஓசூர் ரோஜா, ஒரு கட்டு, 20 பூ. அருமையான சரக்கு. முந்தின நாள் மத்தியானமே கட்டி, தண்ணீர் தெளித்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சும் போட்டிருக்கிறார்கள். கவரின் உட்புறமெல்லாம் வியர்வை. வெளியிதழ்களில் டீ சிந்தினாற்போலப் பழுப்புப் புள்ளிகள். காம்பு நுனியைத் தொட்டால் விறகு மாதிரி காய்ந்திருக்கிறது.

"ராத்திரி மூணு தடவை எந்திரிச்சுத் தண்ணி தெளிச்சேனே தம்பி!"

அங்கேதான் வம்பே. மல்லிகைக்குச் செய்வதை அப்படியே ரோஜாவுக்கும் செய்கிறோம். மல்லி காம்பில்லாமல் பறித்த மொட்டு. அதற்குக் குடிக்க வாய் இல்லை. ஈரத்துணியிலோ வாழை இலையிலோ சுற்றி, உள்ள ஈரம் போகாமல் காப்பதுதான் வழி. நம் பாட்டிமார் செய்தது சரி. ரோஜா அப்படி இல்லை. அது காம்பின் அடிவழியாகக் குடிக்கும் பூ. தலையில் எத்தனை குடம் ஊற்றினாலும் தாகம் தீராது. ஊற்றிய தண்ணீர் இதழ் மடிப்பில் தங்கி, மூடிய கவருக்குள் பூஞ்சணம் பிடிக்கும். அடியிலோ, வெட்டின இடத்தில் காற்று ஏறிக் குழாய் அடைத்துக்கொள்ளும். மேலே அழுகல், கீழே பஞ்சம். பன்னீர் ஸ்ப்ரே வாங்கி வைத்திருப்பவர்கள் அதை வாசலில் விருந்தாளிகளுக்கு அடியுங்கள், புண்ணியமாகப் போகும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முந்தின நாள் காலையில் வாங்குங்கள். சோப்பு போட்டுக் கழுவின வாளியில் தண்ணீர். முங்குகிற இடத்து இலையெல்லாம் உருவிவிடுங்கள். கூர்மையான கத்தியால் காம்பைச் சாய்வாக ஓர் அங்குலம் வெட்டின கையோடு தண்ணீரில் வையுங்கள். ராத்திரி முழுக்கக் குடிக்கட்டும். விடியற்காலையில் கட்டி, கட்டினதையும் கிளம்பும்வரை ஒரு சொம்புத் தண்ணீரில் நிறுத்துங்கள். தண்ணீரில் சர்க்கரை போடச் சொல்வார்கள். வெறும் சர்க்கரை கிருமிக்குத்தான் விருந்து.

ஃபிரிட்ஜ்? வைகாசி மாசம் சேலத்து வீட்டு ஃபிரிட்ஜில் மாம்பழம் இல்லாமல் இருக்குமா? பழம் விடுகிற எத்திலீன் வாயு பட்டால் கார்னேஷன் சுருங்கித் தூங்கிவிடும். ஆர்க்கிடும் ஆந்தூரியமும் 10 டிகிரிக்குக் கீழே போனாலே கறுக்கும். வீட்டில் குளிர்ச்சியான அறை எதுவோ அதுவே போதும்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் அதட்டித்தான் சொல்கிறேன். பனமரத்துப்பட்டிப் பக்கம் அரளி ஏராளம், அதனால் மார்க்கெட்டில் சுலபமாகக் கிடைக்கும். வெள்ளரளியைக் கொத்தாகப் பொக்கேயில் சொருகி ஒரு பெண் வந்தாள். அரளியின் பூ, இலை, காம்பு, சாறு எல்லாமே விஷம். உள்ளே போனால் இதயத் துடிப்பையே குலைக்கும். சாமி மாலை வேறு, கேக் வெட்டுகிற கையில் பிடிக்கிற பொக்கே வேறு கண்ணு. பக்கத்தில் வாயில் எதையும் வைக்கிற குழந்தைகள் நிற்கும். 2024 மே மாதம் கேரளத்துக் கோயில்களை நிர்வகிக்கிற திருவிதாங்கூர் தேவசம் போர்டே நிவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியைச் சேர்க்கக் கூடாதென்று நிறுத்திவிட்டது.

லில்லி வைப்பவர்கள், மொட்டு விரிந்ததும் நடுவிலுள்ள மகரந்தப் பைகளைக் கிள்ளிவிடுங்கள். பட்டுப்புடவையில் பொடி பட்டால் தேய்க்காதீர்கள், தண்ணீரும் வேண்டாம். செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள்.

அந்தப் பொக்கே என்ன ஆனதென்று கேட்பீர்கள். ரிப்பனை அவிழ்த்து, புள்ளி விழுந்த வெளியிதழ்களைப் பூவுக்கு மூன்று நான்காய் உரித்தேன். காம்பை மறுபடி வெட்டி, தலை நிமிர்ந்து நிற்கப் பேப்பரில் இறுக்கிச் சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுத்துவரை இறக்கிவைத்தேன். ஒரு மணி நேரத்தில் 14 பூ நிமிர்ந்தது. ஆறு தேறவில்லை. மலையில் 20 கொண்டை ஊசி வளைவு, அதனால் வாளியில் கால்வாசிக்கு மேல் தண்ணீர் வேண்டாம், காலிடுக்கில் வைத்துக்கொள்ளுங்கள், சர்ச் வாசலில் காம்பைத் துண்டால் ஒற்றிவிட்டுப் பெண் கையில் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டே, பழக்கதோஷத்தில், சொம்பிலிருந்து நாலு சொட்டு எடுத்துப் பூமேல் தெளித்தார்.