அப்லேஷன்: நீக்கமா, பெயர்ப்பா?

தண்ணீருக்கடியில் ஒரு தங்கத் தகட்டை வைத்து, அதன்மேல் மிகக் குறுகிய லேசர் துடிப்புகளைப் பாய்ச்சினால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் செந்நிறமாகிவிடும். தகட்டை விட்டுக் கிளம்பிய தங்கம் நானோ துகள்களாக நீரில் மிதப்பதால் வரும் நிறம் அது. இந்த முறைக்குப் பெயர் லேசர் அப்லேஷன்.

சொல் லத்தீன் வழி வந்தது. 'அப்' என்றால் அப்பால், 'லாத்துஸ்' என்றால் கொண்டுசெல்லப்பட்டது. பனியாறு உருகிக் குறைவதும், விண்கலத்தின் வெப்பக் கவசம் தீய்ந்து உதிர்வதும், இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும் திசுவை மருத்துவர்கள் அழிப்பதும் அப்லேஷன்தான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'அரிப்பு' ஒத்துவராது. அரிப்பு மெல்ல மெல்ல நடப்பது. இங்கே ஒரு துடிப்பு 100 ஃபெம்டோநொடி அளவே நீடிக்கும். ஒரு நொடியைப் பத்து கோடி கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் ஃபெம்டோநொடி. துடிப்பு முடிவதற்குள் ஒளியே 0.03 மில்லிமீட்டர்தான் நகரும், ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. துடிப்பின் ஆற்றலை முதலில் வாங்கிக்கொள்பவை உலோகத்தின் எலக்ட்ரான்கள். அவை அந்தச் சூட்டை அணுக்களுக்குக் கைமாற்றச் சில பிகோநொடிகள் ஆகும், அதாவது சில ஆயிரம் ஃபெம்டோநொடிகள். அதற்கு முன்பே துடிப்பு முடிந்துவிடுகிறது. வெப்பம் அக்கம்பக்கம் பரவ நேரமில்லை. மேற்பரப்பின் மெல்லிய அடுக்கு அளவுமீறிச் சூடாகி, ஆவியும் உருகிய துளிகளுமாக வெடித்துக் கிளம்புகிறது. துளிகள் உறைந்தும், ஆவியிலுள்ள அணுக்கள் ஒன்றுகூடித் திரண்டும் நானோ துகள்கள் பிறக்கின்றன.

'நீக்கம்' நல்ல சொல்தான். லத்தீனின் 'அப்லேட்டிவ்' வேற்றுமையும் இதே வேரில் பிறந்தது. நம் ஐந்தாம் வேற்றுமைக்கும் நீங்கல் ஒரு பொருள், 'மலையின் வீழ் அருவி' என்பதுபோல. இதய சிகிச்சைக்கு நீக்கம் போதும். அங்கே வேண்டாததை ஒழிப்பதுதான் நோக்கம். நானோ துகள் செய்பவருக்கோ நீங்கிப் போனதுதான் வேண்டிய பொருள், தகடு வெறும் மிச்சம்.

அதனால் எனக்குப் 'பெயர்ப்பு' பிடித்திருக்கிறது. சுவரில் காரை பெயர்கிறது என்கிறோம், ஊரை விட்டு இடம்பெயர்ந்தார்கள் என்கிறோம். கழன்று வருவதும் வேறிடம் சேர்வதும் இந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. இன்னொரு பொருத்தமும் உண்டு: 'டிரான்ஸ்லேஷன்' என்ற சொல்லிலும் அதே 'லாத்துஸ்' இருக்கிறது, அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் மொழிபெயர்ப்பு. லேசருக்குச் சீரொளி என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. லேசர் அப்லேஷனைச் 'சீரொளிப் பெயர்ப்பு' என்று எழுதலாம்.