ரெட் ஃப்ளாக் உத்தரவு: அமெரிக்காவில் துப்பாக்கிச் சூட்டுக்கு முன்பே நீதிமன்றத்தை நாடும் உரிமை

ஒருவர் தன்னையோ மற்றவர்களையோ சுட்டுவிடக்கூடும் என்று அஞ்ச நியாயமான காரணம் இருந்தால், அவர் இன்னும் எந்தக் குற்றமும் செய்யாத நிலையிலேயே அவருடைய துப்பாக்கிகளைக் கொஞ்ச காலத்துக்கு அவரிடமிருந்து எடுத்து வைக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். அந்தக் காலத்தில் அவர் புதிதாகத் துப்பாக்கி வாங்கவும் முடியாது. அமெரிக்காவில் இதைப் பொதுவாக ரெட் ஃப்ளாக் சட்டம் என்கிறார்கள். 20க்கும் மேற்பட்ட மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் இது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் நீதிமன்றப் படிவத்தில் இந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. நியூயார்க்கில் இதன் பெயர் எக்ஸ்ட்ரீம் ரிஸ்க் புரொடெக்‌ஷன் ஆர்டர். நியூ ஜெர்சியில் எக்ஸ்ட்ரீம் ரிஸ்க் புரொடெக்டிவ் ஆர்டர். கலிபோர்னியாவில் கன் வயலன்ஸ் ரெஸ்ட்ரெயினிங் ஆர்டர். புளோரிடாவில் ரிஸ்க் புரொடெக்‌ஷன் ஆர்டர். அங்கே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோர் தெரிந்து வைத்திருக்க வேண்டிய சட்டம் இது.

போலீஸ் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். 2022 மே 24 அன்று டெக்சாஸ் மாநிலம் யுவால்டியில் ராப் தொடக்கப் பள்ளியில் நடந்ததே அதற்குப் பதில். 18 வயது இளைஞன் ஒருவன் காலை 11:33 மணிக்குத் துப்பாக்கியோடு பள்ளிக்குள் நுழைந்தான். மூன்று நிமிடத்தில் முதல் போலீஸ்காரர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். உள்ளிருந்து சுட்டதும் பின்வாங்கினார்கள். வகுப்பறைக்குள் அடைபட்ட குழந்தைகள் 911 எண்ணுக்குப் போன் செய்து உதவி கேட்டுக்கொண்டிருந்தார்கள். நேரம் ஆக ஆகப் பல துறைகளையும் சேர்ந்த 376 பேர் அங்கே குவிந்ததாக டெக்சாஸ் சட்டமன்றக் குழுவின் அறிக்கை சொல்கிறது. ஆனாலும் கதவைத் திறந்து உள்ளே போக 77 நிமிடம் ஆனது. 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள்.

இத்தனைக்கும் போலீசுக்குப் பயிற்சி இல்லாமல் இல்லை. 1999இல் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது சிறப்புப் படைக்காகக் காத்திருந்த அனுபவத்துக்குப் பிறகு நாடு முழுக்க விதி மாறியிருந்தது: முதலில் வருபவர் யாராக இருந்தாலும் உடனே உள்ளே போய்ச் சுடுபவனைத் தடுக்க வேண்டும். யுவால்டியில் அந்த விதியை யாரும் பின்பற்றவில்லை. சுடுபவன் அறைக்குள் பதுங்கியிருக்கும் ஆள், அவகாசம் இருக்கிறது என்று தப்பாகக் கணித்துவிட்டார்கள்.

சரி, போலீஸ் விதிப்படியே நடந்தால்? 2023 மார்ச்சில் டென்னசி மாநிலம் நாஷ்வில்லில் கவனன்ட் பள்ளியில் அப்படித்தான் நடந்தது. போலீஸ் தயங்காமல் உள்ளே போனது. முதல் அழைப்பு வந்த 14 நிமிடத்தில் சுட்டவரை வீழ்த்தியது. அதற்குள் 3 குழந்தைகளும் 3 பெரியவர்களும் உயிரோடு இல்லை. அந்த நபர் மனநலச் சிகிச்சையில் இருந்தார். சட்டப்படி ஏழு துப்பாக்கிகள் வாங்கியிருந்தார். டென்னசியில் ரெட் ஃப்ளாக் சட்டம் இல்லை. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் பில் லீயே அதைப் போன்ற ஒன்றைக் கொண்டுவரக் கேட்டுப் பார்த்தார். சட்டமன்றம் நிறைவேற்றவில்லை.

இந்தச் சட்டத்தை முதலில் கொண்டுவந்தது கனெக்டிகட், 1999இல். அடுத்து 2005இல் இண்டியானா. வெகுகாலம் மெதுவாகவே பரவியது. 2018 பிப்ரவரி 14 அன்று புளோரிடாவின் பார்க்லாண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்ட பிறகுதான் வேகம் பிடித்தது. அந்த இளைஞனைப் பற்றி முந்தைய மாதமே எஃப்.பி.ஐ.க்குத் தகவல் வந்திருந்தது. அது விசாரிக்க வேண்டிய மியாமி அலுவலகத்துக்குப் போகவே இல்லை. துப்பாக்கி உரிமைக்குப் பேர்போன புளோரிடாவில், குடியரசுக் கட்சி ஆளுநரே மூன்றே வாரத்தில் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக உயர்த்தியதும் அதே சட்டம்தான்.

இனி நடைமுறைக்கு வருவோம். முதல் கேள்வி, யார் மனு கொடுக்கலாம் என்பது. மாநிலத்துக்கு மாநிலம் அதிகம் மாறுவது இதுதான். புளோரிடாவில் போலீஸ் மட்டுமே மனு செய்ய முடியும். குடும்பத்தார் போலீசிடம் போய்ச் சொல்லித்தான் ஆக வேண்டும். நியூ ஜெர்சியில் குடும்பத்தாரும் ஒரே வீட்டில் வசிப்பவர்களும் போலீசும் கேட்கலாம். நியூயார்க்கில் இவர்களோடு பள்ளி நிர்வாகிகளும், 2022 முதல் மருத்துவர் போன்ற சுகாதாரப் பணியாளர்களும் கேட்கலாம். கலிபோர்னியாவில் வட்டம் இன்னும் பெரிது. வேலை கொடுப்பவர், சக ஊழியர், அறையில் உடன் தங்குபவர், பள்ளி ஊழியர் என்று போகிறது. ஆனால் ஆசிரியர் மனு கொடுக்கப் பள்ளி நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டும். மனுவுக்குக் கட்டணமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கோ வகுப்புத் தோழனின் பெற்றோருக்கோ பெரும்பாலும் நேரடி உரிமை கிடையாது. அவர்கள் போலீசிடமோ பள்ளியிடமோ எழுத்தில் சொல்லி, மனு கொடுக்கும்படி கேட்கலாம்.

மனு என்பது சத்தியப் பிரமாணத்தோடு எழுதித் தருவது. 'ஆளைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது' என்றால் போதாது. மிரட்டிய குறுஞ்செய்தி, சமூக ஊடகப் பதிவின் ஸ்கிரீன்ஷாட், தற்கொலை முயற்சி, அடிதடி, மிதமிஞ்சிய போதை, அண்மையில் துப்பாக்கி வாங்கியது போன்றவற்றை எப்போது, எங்கே என்ற விவரத்தோடு சொல்ல வேண்டும். துப்பாக்கிகள் எத்தனை, எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால் அதையும் எழுத வேண்டும். எடுக்கப் போகும் போலீஸ்காரரின் உயிருக்கு அந்தத் தகவல் முக்கியம். பொய் மனு கொடுப்பது குற்றம்.

அப்புறம் இரண்டு கட்டமாக நடக்கும். ஆபத்து உடனடியானது என்று நீதிபதி கருதினால், எதிர்த்தரப்பை அழைக்காமலே தற்காலிக உத்தரவு போடலாம். நியூயார்க்கில் மனு கொடுத்த அன்றே இது முடிவாகிறது. பிறகு சில நாட்களில் முழு விசாரணை: நியூயார்க்கில் 3 முதல் 6 வேலைநாள், நியூ ஜெர்சியில் 10 நாள், புளோரிடாவில் 14 நாள். அந்த விசாரணையில் அவர் தன் தரப்பைச் சொல்லலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம். இறுதி உத்தரவு நியூயார்க்கிலும் புளோரிடாவிலும் அதிகபட்சம் ஓராண்டு. கலிபோர்னியாவில் 1 முதல் 5 ஆண்டு. நியூ ஜெர்சியில் நீதிமன்றம் ரத்து செய்யும்வரை. இது சிவில் உத்தரவு. இதனால் யாரும் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. உத்தரவை மீறித் துப்பாக்கி வைத்திருந்தால்தான் குற்ற வழக்கு. காலம் முடிந்ததும், வேறு சட்டத் தடை இல்லையென்றால், துப்பாக்கியைத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

சொந்த மகன் மீதோ அண்ணன் மீதோ நீதிமன்றம் போவதா என்று மனம் தயங்கும். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கும் மேல் தற்கொலை செய்துகொள்பவர்கள். கனெக்டிகட் உத்தரவுகளை ஆராய்ந்த டியூக் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஸ்வான்சன் குழு, 10 முதல் 20 உத்தரவுக்கு ஒரு தற்கொலை தடுக்கப்படுவதாகக் கணக்கிட்டது. இந்த மனுவால் முதலில் காப்பாற்றப்படக்கூடியவர், யார் மீது மனு கொடுக்கிறோமோ அவரேதான்.

சட்டம் இருந்தும் பயன்படுத்தாமல் விட்ட கொடுமையும் உண்டு. யுவால்டிக்குப் பத்து நாள் முன்பு, 2022 மே 14 அன்று, நியூயார்க் மாநிலம் பஃபலோவில் ஒரு கடையில் 10 கறுப்பின மக்களை 18 வயது இளைஞன் சுட்டுக் கொன்றான். முந்தைய ஆண்டே பள்ளியில் அவன் மிரட்டல் விடுக்க, போலீஸ் அவனை மனநலப் பரிசோதனைக்குக் கொண்டுபோனது. ரெட் ஃப்ளாக் சட்டம் அப்போது அந்த மாநிலத்தில் நடைமுறையில் இருந்தது. யாரும் மனு கொடுக்கவில்லை. அவன் பிற்பாடு கடையில் போய்ச் சட்டப்படியே துப்பாக்கி வாங்கினான். அதன் பிறகுதான், ஆபத்து என்று தெரிந்தால் மாநிலப் போலீஸ் கட்டாயம் மனு கொடுக்க வேண்டும் என்ற நிலை அங்கே வந்தது.

பஃபலோ, யுவால்டி சம்பவங்கள் இரண்டும் சேர்ந்துதான் கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகளில் முதல் பெரிய மத்திய துப்பாக்கிச் சட்டத்தைக் கொண்டுவந்தன. 2022 ஜூன் 25 அன்று ஜோ பைடன் அதில் கையெழுத்திட்டார். செனட்டில் 65க்கு 33 என்று, இரு கட்சி வாக்குகளோடும் நிறைவேறியது. அது நாடு முழுவதற்குமான ரெட் ஃப்ளாக் சட்டம் இல்லை. மாநிலங்கள் இதைச் செயல்படுத்தவும், மனநல நீதிமன்றம் போன்றவற்றை நடத்தவும் 75 கோடி டாலர் ஒதுக்கியது. 21 வயதுக்குக் குறைந்தவர் கடையில் துப்பாக்கி வாங்கினால், அவருடைய சிறார் பதிவுகளையும் உள்ளூர் போலீசையும் விசாரிக்க வழி செய்தது. தேவைப்பட்டால் 10 வேலைநாள்வரை விற்பனையை நிறுத்தி வைக்கலாம். ரைஃபிள் வாங்கும் வயதை 21 ஆக்க வேண்டும் என்று யுவால்டி பெற்றோர் கேட்டார்கள். அது நடக்கவில்லை.

எதிர்ப்பவர்களின் வாதத்தை ஒதுக்கிவிடக் கூடாது. ஆயுதம் வைத்திருப்பது அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் தரும் உரிமை. குற்றமே செய்யாதவரிடம், அவரைக் கேட்காமலே பறிப்பது அநியாயம் என்கிறார்கள். கோபத்தில் இருக்கும் முன்னாள் துணை பொய்யாகப் புகார் தரலாம் என்கிறார்கள். 2018 நவம்பரில் மேரிலாந்தில் இந்த உத்தரவைக் கொடுக்கப் போன போலீஸ் சுட்டதில், உத்தரவுக்கு உள்ளானவரே இறந்தார். இந்தக் கவலைகளால்தான் மத்திய நிதி பெறும் ரெட் ஃப்ளாக் திட்டங்களில் விசாரணை, வக்கீல், எதிர்ச் சாட்சியைக் கேள்வி கேட்கும் உரிமை எல்லாம் இருந்தாக வேண்டும் என்று 2022 சட்டம் நிபந்தனை போட்டது. அது சரியான நிபந்தனை என்றே நினைக்கிறேன். 2024இல் ரஹிமி வழக்கில் உச்ச நீதிமன்றம், பிறருக்கு ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கண்டவரிடமிருந்து தற்காலிகமாக ஆயுதத்தை விலக்கலாம் என்று 8க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அது குடும்ப வன்முறைத் தடை உத்தரவு பற்றிய வழக்கு. ஆனாலும் ரெட் ஃப்ளாக் சட்டங்களுக்கும் பலம் சேர்க்கிறது.

ஒரு பெரிய ஓட்டை மட்டும் பாக்கி இருக்கிறது. பள்ளியில் துப்பாக்கியால் சுட்ட மாணவர்களைப் பற்றி அமெரிக்க ரகசிய சேவை (சீக்ரெட் சர்வீஸ்) 2019இல் வெளியிட்ட ஆய்வில், நாலில் மூன்று பேர் துப்பாக்கியை எடுத்தது பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்து. மகன் பெயரில் உத்தரவு வாங்கினாலும் அப்பாவின் அலமாரி திறந்து கிடந்தால் பயன் குறைவு. 2021இல் மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் நான்கு மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில், சுட்ட மாணவனின் பெற்றோருக்கே 10 முதல் 15 ஆண்டு சிறை கிடைத்தது. அந்த மாநிலத்தில் 2024 முதல், சிறுவர் உள்ள வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைப்பது கட்டாயம். ரெட் ஃப்ளாக் சட்டம் அமலுக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். பிள்ளை விளையாடப் போகும் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று அந்த வீட்டாரிடம் தயங்காமல் கேளுங்கள்.

தமிழர்கள் அதிகம் வாழும் டெக்சாஸிலும் ஜார்ஜியாவிலும் இந்த உத்தரவு கிடையாது. டெக்சாஸ் 2025இல் ரெட் ஃப்ளாக் உத்தரவுகளைத் தடை செய்தே சட்டம் போட்டுவிட்டது. அங்கே இருப்பவர்களுக்குப் பள்ளி நிர்வாகத்திடமும் போலீசிடமும் புகார் கொடுப்பதும், ஐவாட்ச் டெக்சாஸ் செயலியில் தகவல் பதிவு செய்வதும்தான் வழி. தற்கொலை எண்ணம் தெரிந்தால் எந்த மாநிலத்திலும் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழைக்கலாம். துப்பாக்கியோடு ஆள் கிளம்பிவிட்டார் என்றால் மனு, படிவம் எதற்கும் காத்திருக்காமல் 911.