ஒரு அணு உலைக்கு ஒரு கீழ்பவானி வாய்க்கால்

கொங்கு நாட்டில் பல்லடம், சோமனூர் பக்கம் கரண்ட் போய்த் தறிகள் நிற்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார்: "கல்பாக்கத்துல கட்டறாங்க, கூடங்குளத்துல கட்டறாங்க, நம்ம பக்கம் ஒரு அணு உலை கட்டுனா என்னங்க?" கேள்வி நியாயமானதுதான். மில், தறி, ஃபவுண்டரி, பம்ப்செட் என்று கரண்ட்டை விழுங்குகிற ஊர்கள் இங்கேதான் அடுத்தடுத்து இருக்கின்றன, பக்கத்தில் நிலக்கரியும் கிடையாது.

பார்க்கப்போனால், இந்தியாவில் முதன்முதலாக அணுமின் நிலையங்களுக்கு இடம் தேடியதே இந்த நிலக்கரிக் கணக்கை வைத்துத்தான். நிலக்கரிச் சுரங்கங்கள் பெரும்பாலும் கிழக்கிலும் நடு இந்தியாவிலும் இருக்கின்றன. 1,000 மெகாவாட் அனல் நிலையத்துக்கு நம் நாட்டு நிலக்கரியில் ஒரு நாளைக்கே 10,000 டன்னுக்கு மேல் வேண்டும், அதாவது தினமும் மூன்று நான்கு கூட்ஸ் வண்டி. கூடங்குளத்தில் இருக்கும் 1,000 மெகாவாட் உலைக்கோ ஒரு வருடத்துக்கே சுமார் 25 டன் எரிபொருள் போதும். அதனால் சுரங்கத்துக்கு எட்டாத தூரத்தில் இருக்கிற ஊர்களாகப் பார்த்து 1969-ல் தாராப்பூர், அப்புறம் ராஜஸ்தானில் சம்பல் ஆற்றங்கரை, 1980-களில் கல்பாக்கம் என்று வந்தன. இந்தப் பரீட்சையில் கொங்கு நாடு பாஸ்.

ஃபெயில் ஆவது தண்ணீரில்.

திருப்பூர் சாயப்பட்டறையில் பாய்லரைப் பார்த்தவர்களுக்கு அணு உலை ஒன்றும் மாயமில்லை. விறகுக்குப் பதிலாக யுரேனிய அணுக்கள் பிளந்து சூடாக்குகின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். ஆவி டர்பைனைச் சுற்றுகிறது, டர்பைன் ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. சுற்றி முடித்த ஆவியை அப்படியே வெளியே விட்டுவிட முடியாது. அதைக் கண்டன்சரில் குளிரவைத்து மறுபடி தண்ணீராக்க வேண்டும், ஏனென்றால் ஆவி தண்ணீராகச் சுருங்கும்போது டர்பைனின் கடைசிப் பக்கத்தில் கிட்டத்தட்ட வெற்றிடம் உண்டாகிறது, அந்த வெற்றிடம் இருந்தால்தான் ஆவி முழு வேகத்தில் பாய்ந்து முழு வேலையையும் செய்யும். அணு உலையின் ஆவி 300 டிகிரிக்குக் கீழேதான், அனல் நிலையத்தில் 500-ஐத் தாண்டும். ஆவியின் சூடு குறைந்தால் கரண்ட்டாக மாறும் பங்கும் குறைந்துவிடும். அதனால் 1,000 மெகாவாட் மின்சாரம் எடுக்க 3,000 மெகாவாட் வெப்பம் உண்டாக்க வேண்டியிருக்கிறது, மிச்சம் 2,000 மெகாவாட்டை எங்காவது கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும்.

எங்கே கொட்டுவது? கடலில் கொட்டுவதாக வைத்துக்கொள்வோம். போகிற தண்ணீர் கடலைவிட 7 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது என்று இங்கே வரம்பு உண்டு. 2,000 மெகாவாட்டை 7 டிகிரியில் அடக்க வினாடிக்குச் சுமார் 70,000 லிட்டர் தண்ணீர் ஓட வேண்டும். பேப்பரில் அணை நிலவரம் படிக்கிறவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஏறக்குறைய 2,400 கன அடி. பவானிசாகரிலிருந்து கீழ்பவானி வாய்க்காலில் முழு அளவு திறந்தால் போவது 2,300 கன அடி. இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிற மொத்த வாய்க்காலும் ஒரே ஒரு உலைக்கு, அதுவும் ராத்திரி பகலாக, வருடம் முழுக்க. கூடங்குளமும் கல்பாக்கமும் கடலோரத்தில் இருப்பதற்குப் பெரிய காரணம் இதுதான்.

கூலிங் டவர் கட்டினால் இவ்வளவு வேண்டாமே என்று கேட்கலாம். சரிதான். மேட்டூர் அனல் மின் நிலையத்தைத் தாண்டிப் போனவர்கள் இடுப்பு சிறுத்த அந்தப் பெரிய கான்கிரீட் கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள், மேலே போவது புகை இல்லை, நீராவிதான். ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு, அதில் கொஞ்சத்தை மட்டும் ஆவியாக விட்டுச் சூட்டைக் கழிக்கும் ஏற்பாடு. கங்கைக் கரையில் நரோரா நிலையம் இப்படி ஓடுகிறது. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் பாலோ வெர்டே என்ற பெரிய நிலையம் பீனிக்ஸ் நகரத்துச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரித்து இதற்குப் பயன்படுத்துகிறது.

ஆனாலும் 1,000 மெகாவாட் உலைக்கு வினாடிக்கு 25 கன அடி ஆவியாகப் போகும். கேட்கச் சின்னதுதான். வருடக் கணக்கில் முக்கால் டிஎம்சி. இரண்டு உலை என்றால் ஒன்றரை டிஎம்சி, அதாவது அறுபது வருடம் கேட்டுக் கேட்டு 2024-ல் வந்துசேர்ந்த அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தின் மொத்தத் தண்ணீர். 1,045 குளம் குட்டைக்குப் பிரித்துக் கொடுக்கிற தண்ணீரை இரண்டு டவர் வானத்துக்கு அனுப்பிவிடும். பவானியில் கொடிவேரி, காளிங்கராயன், கீழ்பவானி என்று ஒவ்வொரு மதகுக்கும் ஏற்கெனவே உரிமைக்காரர் இருக்கிறார், அதற்கும் முறை வைத்துத்தான் விடுகிறார்கள். யாருடைய முறையை வெட்டுவது?

உலைக்கு முறை என்பதே கிடையாது. அனல் நிலையத்தில் தண்ணீர் வற்றினால் நெருப்பை அணைத்துவிடலாம். அணு உலையை நிறுத்தினாலும், அணுப் பிளவில் உண்டான கதிரியக்கப் பொருட்கள் சிதைந்துகொண்டே சூட்டை விடும். நிறுத்திய நொடியில் 200 மெகாவாட் அளவுக்கு, ஒரு நாள் கழித்தும் 15 மெகாவாட் அளவுக்கு. ஃபுகுஷிமாவில் 2011-ல் உருகியது ஓடிக்கொண்டிருந்த உலை இல்லை, நிறுத்திய பிறகு குளிரவைக்க முடியாமல் போன உலை. அதனால் மழை பொய்த்த வருடத்திலும் இதற்கென்று தண்ணீர் தனியாக நின்றாக வேண்டும்.

கடலோரம் மட்டும் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். 2004 சுனாமியில் கல்பாக்கத்தின் பம்ப் ஹவுஸுக்குள் தண்ணீர் புகுந்து, ஓடிக்கொண்டிருந்த உலையை நிறுத்த வேண்டியதாயிற்று. சாதாரண நாளிலேயே சொறி மீன் (ஜெல்லி மீன்) கூட்டம் வந்து வடிகட்டியை அடைத்துவிடும்.

அடுத்தது ஜனம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இடம் பார்க்கும்போது, 10 கிலோமீட்டருக்குள் பத்தாயிரம் பேருக்கு மேல் வசிக்கிற ஊரும், 30 கிலோமீட்டருக்குள் ஒரு லட்சத்தைத் தாண்டிய நகரமும் இல்லாமல் இருப்பதை விரும்புகிறது. காம்பஸை எடுத்து கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் ஒவ்வொன்றையும் சுற்றி 30 கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள். கோவை-திருப்பூர் ஐம்பது கிலோமீட்டர்தான், திருப்பூர்-ஈரோடும் அப்படித்தான், வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். தப்பித்து நிற்பது சத்தியமங்கலம், ஆனைமலைக் காடுகளும் தாராபுரத்துக்குத் தெற்கே கொஞ்சம் மேட்டாங்காடும். அந்தக் காடுகள் புலிகள் காப்பகம், மேட்டாங்காட்டில் ஆட்டுக்கே தண்ணீர் தேட வேண்டும்.

நிலநடுக்கத்தை எல்லோரும் முதலில் சொல்வார்கள். 1900 பிப்ரவரியில் கோவைப் பக்கம் ஆறு ரிக்டர் அளவில் ஒன்று வந்தது உண்மை. ஆனால் அதைவிட ஆபத்தான மண்டலத்தில் நரோரா இருக்கிறது, அதற்கேற்ப வடிவமைக்கலாம். தண்ணீரையும் ஜனத்தையும் அப்படிச் சமாளிக்க முடியாது.

கடைசியில், வாய்க்காலை நகர்த்துவதைவிடக் கம்பி இழுப்பது சுலபம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் பக்கம் புகளூர் வரை சுமார் 1,765 கிலோமீட்டருக்கு 800 கிலோவோல்ட் நேர்மின்சாரத் தடம் வந்திருக்கிறது, 6,000 மெகாவாட் கொண்டுவரும் திறன். நிலக்கரியை ரயிலில் ஏற்றாமல் சுரங்கத்துப் பக்கத்திலேயே எரித்துக் கரண்ட்டாக அனுப்பிவிடலாம் என்றானபின், தூரத்து ஊருக்கு அணு உலை என்ற அந்தப் பழைய கணக்கின் பாதி பலம் போய்விட்டது. கொங்கு விவசாயிக்கு இப்போது தகராறு உலையோடு இல்லை, தோட்டத்துக்கு நடுவில் நட்ட மின்கம்பி டவருக்கு எவ்வளவு இழப்பீடு என்பதில்தான்.