உப்புத் தண்ணீர் சொல்லும் டிகிரி

விதை நெல்லைப் பிரித்தெடுக்க ஒரு வாளித் தண்ணீரில் முட்டையைப் போடுகிற பழக்கம் நம் விவசாயிகளிடம் உண்டு. போட்டதும் முட்டை அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கல்லுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் எழுந்து மிதக்கும். முட்டையின் தலை காசு அகலத்துக்கு வெளியே தெரிந்தால் பதம் சரி. அந்தத் தண்ணீரில் நெல்லைக் கொட்டினால் பதர் மேலே வரும், முற்றிய மணி கீழே தங்கும்.

முட்டை அங்கே தண்ணீரின் அடர்த்தியைத்தான் அளக்கிறது. ஒரு பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள தண்ணீரை ஒதுக்கிவிட்டால் மிதக்கும். உப்பு கரையக் கரையத் தண்ணீர் கனமாவதால், கொஞ்சம் அமிழ்ந்தாலே அந்தக் கணக்கு நேராகிவிடுகிறது.

தூத்துக்குடி உப்பளங்களில் இதே வேலையை ஹைட்ரோமீட்டர் செய்கிறது. கண்ணாடிக் குமிழ், அதன் அடியில் ஈயக் குண்டுகள், மேலே மெல்லிய தண்டு. தண்டை மெல்லியதாகச் செய்வதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அடர்த்தி துளி மாறினாலும் தண்டு நன்றாக ஏறி இறங்கும், கண்ணுக்குத் தெரியும். தண்டில் எண்கள் மேலிருந்து கீழாகக் கூடிக்கொண்டே போகும். கனமான தண்ணீரில் கருவி உயரமாக நிற்குமல்லவா? (வெயிலில் சூடான தண்ணீர் விரிந்து இலேசாகிவிடும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.)

அந்த எண்களை 1768-இல் வகுத்தவர் அந்த்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தாளுநர். சுத்தமான தண்ணீரில் கருவி நிற்கும் இடம் 0. எடையில் 100-க்கு 15 பங்கு உப்புள்ள கரைசலில் நிற்கும் இடம் 15. நடுவே சமமாகக் கோடு போட்டார்; ஒரு கோடு ஒரு டிகிரி. அதனால் உப்புக் கரைசலில் டிகிரியும் சதவீதமும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும்.

கடல்நீர் பாத்திக்கு வரும்போது சுமார் 3 அல்லது 3.5 டிகிரி இருக்கும். வெயிலில் வற்றி 13 டிகிரியைத் தாண்டும்போது ஜிப்சம் படியத் தொடங்கும். அதை முன்பாத்திகளிலேயே விட்டுவிட்டு, 25 டிகிரிக்கு வந்த தண்ணீரைத்தான் உப்பு விளையும் பாத்திக்குத் திறந்துவிடுகிறார்கள். அதற்குள் கடல்நீர் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். 29, 30 டிகிரிக்கு ஏறியதும் மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். அப்புறம் அதில் மெக்னீசியம் உப்புகள்தான் மிகுதி. விட்டுவைத்தால் உப்பில் கசப்பு ஏறும், ஈரமும் கோக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிதவைக்குத் தெரிவது கனம் மட்டுமே. சர்க்கரைப் பாகில் போட்டாலும் அது 25 காட்டும். உப்பளத்தில் அதன் சொல் எடுபடுவதற்குக் காரணம் கடலேதான். சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் உலகக் கடல்களிலிருந்து கொண்டுவந்த 77 மாதிரிகளை ஆராய்ந்து, 1884-இல் வேதியியலர் வில்லியம் டிட்மார் முடிவை வெளியிட்டார்: மொத்த உப்பு இடத்துக்கு இடம் கூடிக் குறைந்தாலும், முக்கியமான உப்புகளுக்குள் உள்ள விகிதம் ஏறக்குறைய மாறுவதில்லை. எந்த உப்பு எத்தனை டிகிரியில் பிரியும் என்ற வரிசையை உப்பளத்துக்காரர்கள் நம்பி வேலை செய்ய முடிவது அதனால்தான்.