ஜர்னிமேன்: பயணி அல்லர்

அமெரிக்கக் கால்பந்துச் செய்தியில் 'ஜர்னிமேன் லைன்மேன்' என்று படித்தால், நம்மூர்க்காரருக்கு ஏணியும் தோளுமாகப் புறப்பட்ட மின்வாரிய ஊழியர்தான் நினைவுக்கு வருவார். அது அப்படியொன்றும் பிழையில்லை. பயிற்சிக்காலம் முடித்துத் தேறிய மின்கம்பித் தொழிலாளியை அமெரிக்காவில் இதே பெயரால்தான் அழைக்கிறார்கள். பிழை, 'ஜர்னி'யைப் பயணம் என்று கொள்வதில்தான்.

பழைய பிரெஞ்சில் 'ழூர்னே' என்றால் ஒரு நாள், ஒரு நாள் வேலை. ஒரு நாளில் நடக்கும் தொலைவு என்ற வழியில்தான் பயணப் பொருள் கிளைத்தது. இடைக்காலத் தொழிற்குழுக்களில் ஜர்னிமேன் என்பவர் பயிலுநருக்கு மேலே, ஆசானுக்குக் கீழே இருந்தவர். கைத்திறன் உண்டு, சொந்தப் பட்டறை இல்லை. நாட்கூலிக்கு உழைத்தவர்.

விளையாட்டில் இச்சொல் நட்சத்திரமாகாத, ஆனால் எங்கும் வேலை கிடைக்கிற ஆட்டக்காரரைக் குறிக்கிறது. மைக் பெர்சன் என்ற லைன்மேனைப் பாருங்கள். 2011இல், அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்'டின் கடைசிச் சுற்றான 7ஆம் சுற்றில் சான் பிரான்சிஸ்கோ அணி அவரை எடுத்தது. பிறகு சியாட்டில், செயின்ட் லூயிஸ், அட்லாண்டா, கான்சாஸ் சிட்டி, இண்டியானாபொலிஸ் என்று சுற்றி, 2018இல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினார். 2020 பிப்ரவரியில் பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில், தாக்குதல் வரிசையில் வலப்பக்கக் காவலராக (ரைட் கார்ட்) இறங்கினார். எதிரே நின்றது, முன்பு அவரை வைத்திருந்த கான்சாஸ் சிட்டி. 31-20 என்று தோற்றார்கள்.

லைன்மேனின் வேலை விநோதமானது. ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்பார். பந்து பின்னால் போனதும், பாய்ந்து வருகிறவரை மார்போடு தடுப்பார். நடுவர் தண்டனை அறிவிக்கும்போதுதான் அரங்கம் அவருடைய எண்ணைக் கேட்கும். இதற்குத் தமிழில் 'முன்வரிசை வீரர்' போதும். ஆனாலும் என் ஆசை வேறு. 'தார்தாங்கிச் செல்வது தானை' என்கிறது குறள். தார் என்பதற்கு எதிரியின் முன்னணிப்படை என்று பரிமேலழகர் பொருள் கொள்கிறார். பந்தை வைத்திருக்கும் அணியின் முன்னால் நின்று தடுக்கும் தாக்குதல் வரிசையின் ஐவரும் தார்தாங்கிகளே.

ஜர்னிமேனுக்கு? தொழிலில் 'நாட்கூலிக் கைவினைஞர்' சரி. ஆட்டத்தில் 'கூலி'யைச் சேர்த்தால் கூலிப்படை நினைவு வந்து கெடுக்கும். 'நாடோடி' அவர் விரும்பித் திரிவதுபோல் ஒலிக்கிறது. 'அணிமாறி'யோ கட்சிமாறியின் தம்பி. பெரும்பாலும் அவர் மாறுவதில்லை, அணிதான் விடுவிக்கிறது. 'பல களம் கண்டவர்' என்பது நமக்குப் பழகிய பாராட்டு. அதன் சாயலில் 'பல அணி கண்டவர்' என்றே எழுதுகிறேன்.