தாய்ச்சி: பெயரில் விட்டுப்போன முட்டி

தாய்ச்சி என்ற சண்டைக் கலைக்குச் சீனத்தில் மூன்றெழுத்துப் பெயர்: தாய், ஜி, ச்சுவான். நாம் புழங்குவது முதல் இரண்டை மட்டும். கழன்றுபோன மூன்றாவதுக்கு மடக்கிய கை, அதாவது முட்டி என்று பொருள். சண்டையைச் சொல்லும் எழுத்தே அதுதான்.

'தாய்' என்றால் மிகப் பெரிய. நம் தாய்க்கும் அதற்கும் உறவில்லை. 'ஜி' என்ற எழுத்தில் மரத்தைக் குறிக்கும் உறுப்பு உண்டு. கூரை உச்சியில் போடும் உத்திரம் என்பது அதன் பழைய பொருள். பிறகு உச்சி, எல்லை என்று விரிந்தது. தமிழில் இதற்கு அச்சாகப் பொருந்துவது முகடு. கூரைக்கும் முகடு, மலைக்கும் முகடு. ஆக, தாய்ஜி என்பது பெருமுகடு. யின், யாங் என்ற இரு கூறுகளும் பிறக்கும் மூலத்துக்குச் சீனத் தத்துவம் வைத்த பெயர் இது.

தாய்ச்சியில் வரும் 'சி' இந்த 'ஜி'தான். அதை மூச்சாற்றலைக் குறிக்கும் 'ச்சி' என்று நினைப்பவர்கள் ஏராளம். அது வேறு எழுத்து, வேறு ஒலி. பழைய ரோமன் எழுத்துக்கூட்டலில் இரண்டையும் பிரித்துக் காட்டியது எழுத்தை ஒட்டி மேலே வரும் ஒரு சின்னக் குறிதான்: chi என்றால் ஜி, ch'i என்றால் மூச்சாற்றல். அச்சில் அது உதிர்ந்ததும் குழப்பம் நிலைத்துவிட்டது.

ஹெனான் மாகாணத்துச் சென் குடும்பத்தின் ஊரில் இந்தக் கலையைக் கற்ற யாங் லூச்சான் (1799–1872), பெய்ஜிங்கில் அதைச் சொல்லிக்கொடுத்தார். 'எதிரியில்லா யாங்' என்பது அவருடைய பட்டப்பெயர். உடல்நலத்துக்காக வந்த பெயரல்ல. இன்று பலரும் பழகும் 24 அசைவுகளின் சுருக்க வடிவம் 1956இல் வந்தது.

சரி, ச்சுவானுக்குத் தமிழ் என்ன? குத்துச்சண்டை என்றால் கையுறை ஞாபகம் வரும், மற்போர் என்றால் தரையில் உருள்வது. எனக்குக் கைப்போர் பிடித்திருக்கிறது. உடற்பயிற்சியைத் தாய்ச்சி என்றே விட்டுவிடலாம். சண்டையாகப் பழகினால் தாய்ச்சிக் கைப்போர்.

இதில் முக்கியமான பயிற்சி துய்ஷோ. எழுத்துக்கு எழுத்து 'தள்ளு கை', ஆனால் தள்ளுவது கடைசியில்தான். இருவர் ஒரு காலை முன்வைத்து, மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி நிற்பார்கள். எதிராளி தள்ள வரும்போது நாமும் தள்ளினால் பலசாலி ஜெயிப்பார். கையை எடுக்காமல் இடுப்பை மட்டும் திருப்பினால், அவர் விசை வெற்றிடத்தில் போய் விழும். அவர் குதிகால் லேசாக எம்பும். தள்ள வேண்டியது அப்போதுதான். அந்த நொடியைத் தோல்வழி உணர்வதற்கு 'திங் ஜின்', கேட்கும் விசை, என்று பெயர். நாடி பார்க்கிறவர் விரலுக்கு இருக்கிற கவனம் அது. தமிழில் தொட்டறிதல் எனலாம்.

ஆனால் அடிக்க வருகிறவன் மணிக்கட்டை நம்மிடம் கொடுத்துவிட்டு நிற்க மாட்டான். அதற்குத்தான் அடுத்த படி, சான்ஷோ: கட்டுப்படாத கை. தொடுதலே இல்லாத தூரத்தில் தொடங்கி, குத்து, உதை, பிடி எல்லாம் கலந்து வரும். கட்டில்லாச் சண்டை என்றால் யாருக்கும் புரியும்.